சம்பந்தி ஊதிய முதல் சுரம்

ஃபோர்மேன் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. முடி வெட்டிக்கொள்ளப் போனால் கத்தரி எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணாடியிலேயே கண்ணை நட்டுவைத்திருப்பார். லிஃப்டில் ஏறினால் உள்ளே நிற்கிறவர்களைத் தலை எண்ணிவிட்டு, ஒரு தலை கூடுதலாகத் தெரிந்தால் இறங்கிப் படியில் போவார்.

பஸ் டிப்போ ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். இருந்த காலத்தில் டிரைவர்களுக்கு அவர் வைத்திருந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். "கியர் விழல", "பிரேக் இழுக்குது" என்று எவனாவது வந்து நின்றால் வண்டிக்கு அடியில் போகவே மாட்டார். "நீ இறங்கு" என்பார். வேறொரு டிரைவரை ஏற்றி அதே வண்டியை ஒரு சுற்று ஓட்டச் சொல்வார். அவனுக்கும் கியர் விழவில்லை என்றால்தான் ஸ்பானர் கைக்கு வரும். பாதிப் பேருக்கு விழுந்துவிடும். "வண்டி நல்லாத்தான்டா இருக்கு. ஒன் காலத்தான் கழட்டி ஆயில் போடணும்" என்று பத்துப் பேர் கேட்கச் சொல்லி அனுப்புவார். அப்படி மானம் போன டிரைவர்களைச் சேர்த்தால் ஒரு பஸ் நிறையும்.

இப்போது ஒர்க்‌ஷாப் இல்லை. மாடி வீட்டு ஜன்னல் இருக்கிறது. காலையில் டீயைக் குடித்துவிட்டு ஜன்னல் கட்டையில் வலது முழங்கையை ஊன்றி உட்கார்ந்தால், சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை கீழே முனை திரும்புகிற பஸ்களைத் திட்டிக்கொண்டிருப்பார். எந்த டிரைவருக்கும் கேட்காது. அதைப்பற்றி அவருக்குக் கவலையும் இல்லை.

மிச்சமிருந்தது டிப்போ பேண்டு. ஓய்வு பெற்றாலும் மூச்சு இருக்கிறவரை பேண்டில் வாசிக்கலாம் என்பது அங்கே வழக்கம். அதில் கிளாரினெட் வரிசையில் முதல் நாற்காலி ஃபோர்மேனுடையது. முதல் நாற்காலி ஊதத் தொடங்கினால்தான் மற்றவர்கள் ஊதுவார்கள். இந்த உலகத்தில் தனக்காக நாலு பேர் காத்திருக்கிற இடம் இனி அது ஒன்றுதான் என்று அவருக்குத் தெரியும். வெளியே சொன்னதில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை புது பஸ் நிலையம் திறக்கிறார்கள். பேண்டை நடத்துகிறவர் டிக்கெட் செக்கர். அதற்கென்று அவரே ஒரு மெட்டு எழுதியிருந்தார். தான் எழுதியதில் ஒரு புள்ளியைக்கூட மாற்றவிடாத மனுஷன். எடுத்த எடுப்பில் கிளாரினெட் மட்டும் தனியாக அடித் தொண்டையில் ஒரு சுரம் பிடிக்கவேண்டும். அங்கிருந்து மெட்டு மேலே ஏறினால் கடைசிவரை இறங்காது. அந்த முதல் சுரம் ஃபோர்மேனுக்கு வரவில்லை.

வரவில்லை என்றால் வரவே இல்லை. ஊதினால் 'புஸ்' என்று டியூபில் காற்று இறங்குகிற சத்தம். இன்னும் அழுத்தி ஊதினால் கதவுக் கீல் மாதிரி ஒரு 'கீச்'.

"வியாழக்கிழமை ஒத்திகைல அது வரணும்" என்றார் செக்கர். "வரலைன்னா சாரி, நாற்காலி மாத்தி உட்கார வேண்டியதுதான். ரெண்டாவது நாற்காலி முன்னாடி வரட்டும்."

ரெண்டாவது நாற்காலியில் இருந்தது ஃபோர்மேனின் சம்பந்தி.

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். சம்பந்தியும் அதே டிப்போவில் டிரைவராக இருந்தவர்தான். கால் கழட்டி ஆயில் போட வேண்டியவர்கள் பட்டியலில் அவர் பலமுறை வந்திருக்கிறார். அப்போதெல்லாம் இருவருக்கும் நடுவில் 'டா'வைத் தவிர வேறு மரியாதை கிடையாது. பிறகு பேண்டு போகிற இடமெல்லாம் கூடவே வந்த ஃபோர்மேனின் பெண்ணும் டிரைவரின் பையனும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். கல்யாணம் முடிந்த மறுநாளிலிருந்து "வாங்க சம்பந்தி", "உட்காருங்க சம்பந்தி" என்று ஆனது. நேற்றுவரை அரைக்கால் டிராயரில் பார்த்தவனைத் திடீரென்று கோட்டு போட்டுப் பார்க்கிற மாதிரி இருவருக்குமே அது கடித்தது.

கிளாரினெட்டில் அந்தச் சுரம் வருவதற்கு ஓட்டை எல்லாவற்றையும் விரலால் அடைக்கவேண்டும். முன்னால் ஆறு, பின்னால் கட்டைவிரலுக்கு ஒன்று. ஏதாவது ஒன்றில் ஊசி நுழைகிற சந்து இருந்தாலும் காற்று அந்த வழியாக ஓடிவிடும், சுரம் செத்துவிடும். ஆகவே கசிவு. எங்கே கசிவு என்பதுதான் கேள்வி. கசிவு பிடிப்பதில் ஃபோர்மேனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

முதலில் ரீடு. வாயில் வைத்து ஊதுகிற அந்த நாணல் தகட்டைக் கழற்றிவிட்டுப் புதிதாக மாட்டினார். புஸ். துண்டு துண்டாகச் சேர்க்கிற இடங்களில் கார்க்குக்கு கிரீஸ் தடவினார். புஸ். பிறகு மேல் பாதியைத் தனியாகக் கழற்றி, அடியை உள்ளங்கையால் பொத்தி, ஓட்டைகளை விரலால் அடைத்து, வாயால் உறிஞ்சினார். உதட்டை விட்டு வராமல் ஒட்டிக்கொண்டது. நல்லது. கீழ்ப் பாதியை அப்படியே உறிஞ்சினார். நிற்கவில்லை. காற்று உள்ளே வந்துகொண்டே இருந்தது.

"பிடிச்சுட்டேன்" என்றார். "கீழ்ப் பாதில ஓட்டை."

அவர் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். சாப்பாட்டு மேஜையில் பழைய செய்தித்தாள் விரித்து, அதன்மேல் விரலால் அழுத்துகிற சாவிகளும் ஸ்பிரிங்குகளும் மயிரிழை ஸ்க்ரூக்களுமாகக் கீழ்ப் பாதி குடல் உருவிக் கிடந்தது.

"இது சாப்பிடற மேஜையா, ஆப்பரேஷன் மேஜையா?"

"கை வைக்காத. ஒரு ஸ்க்ரூ போச்சுன்னா ஒலகத்துல கெடைக்காது."

"அப்ப மதியம் மடியில வச்சுத்தான் சாப்பிடணும்."

மடியில் வைத்துத்தான் சாப்பிட்டார்கள். சாவிகளுக்கு அடியில் ஓட்டையை மூடுகிற மெத்தைகளை எல்லாம் ஃபோர்மேன் புதிதாக ஒட்டினார். ஒவ்வொன்றின் கீழும் மெல்லிய தாளைக் கொடுத்து இழுத்துப் பார்த்தார். எல்லாம் தாளைக் கவ்வின. திரும்ப மாட்டி உறிஞ்சினார். நிற்கவில்லை. ஊதினார். புஸ். மரத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்குமோ என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். குழந்தையின் கன்னம் மாதிரி வழவழவென்று இருந்தது.

ஒர்க்‌ஷாப்பாக இருந்தால் இந்த இடத்தில் அவர் 'ஆளை மாத்து' என்று சொல்லியிருப்பார். ஆனால் தன் கிளாரினெட்டில் இன்னொருவன் வாய் வைப்பது அவருக்கு, தன் பல்செட்டை இன்னொருவன் போட்டுக்கொள்கிற மாதிரி. அந்த எண்ணமே வரவில்லை. வேறு எண்ணம் வந்தது.

"பேண்டு அலமாரிச் சாவி யார்கிட்ட இருக்கு?" என்றார் மனைவியிடம்.

"எனக்கு எப்படித் தெரியும்?"

"அவன்கிட்ட இருக்கு. போன மாசம் பூராவும் என் பெட்டி அந்த அலமாரிலதான் இருந்துச்சு. எனக்கு இது வரலைன்னா முன்னாடி வர்றது யாரு? அவன்தான். என்னமோ பண்ணிட்டான்."

"அவனா? அவரு. பொண்ணு குடுத்திருக்கோம், ஞாபகம் இருக்கட்டும்."

"பொண்ணத்தான் குடுத்தேன். நாற்காலியையுமா சேத்துக் குடுத்தேன்?"

மனைவி உள்ளே போய் சம்பந்திக்குப் போன் செய்தாள். என்ன சொன்னாளோ, சாயங்காலம் அவர் தன் கிளாரினெட் பெட்டியோடு வந்து நின்றார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வேறு.

"வாங்க சம்பந்தி" என்றார் ஃபோர்மேன், நாற்காலியைக் காட்டாமல்.

"என்னமோ கோளாறுன்னு சம்பந்தியம்மா சொன்னாங்க."

"கோளாறு என்னன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"அலமாரிச் சாவி உங்ககிட்டதானே இருக்கு."

வாழைப்பழத்தை வைக்க இடம் தேடிக்கொண்டிருந்த சம்பந்தியின் கை அப்படியே நின்றது. முகம் மெதுவாகக் கறுத்தது.

"என்ன சொல்ல வர்றீங்க?"

"சொல்ல வரல. கேக்கறேன்."

"டேய்" என்றார் சம்பந்தி. இத்தனை வருஷம் அடக்கிவைத்த 'டேய்'. "நான் ஒன் குழாய ஒடச்சுட்டு முன்னால ஒக்காரணும்னு அலையறேன்னு சொல்றியா? ரெண்டாவது நாற்காலில எனக்கு என்னடா கொறைச்சல்? பின்னால ஒக்காந்தா கொட்டாவி விடலாம். குடு இங்க."

பிடுங்கிக்கொண்டார். ஃபோர்மேன் தடுப்பதற்குள் ரீடு மாட்டிய வாய்க்கட்டையைக் கழற்றி மேஜையில் போட்டுவிட்டு, தன் பெட்டியிலிருந்து தன்னுடையதை எடுத்து மாட்டினார். ஒரு மூச்சு இழுத்து ஊதினார்.

சுரம் வந்தது. அடித்தொண்டையிலிருந்து, கனமாக, அறை முழுக்க. மேஜையில் இருந்த தட்டுகூட லேசாக அதிர்ந்தது. உள்ளேயிருந்து மனைவி, "வந்துருச்சா!" என்று சந்தோஷமாகக் கத்தினாள்.

ஃபோர்மேன் மேஜையில் கிடந்த தன் வாய்க்கட்டையைப் பார்த்தார். "உங்க வாய்க்கட்டைல வருது" என்றார். "என்னோடதுலதான் கோளாறு."

"அப்ப இதே கட்டைய நீ ஊது."

சட்டை நுனியில் மூன்று முறை துடைத்துவிட்டு ஃபோர்மேன் ஊதினார். புஸ்.

"இப்ப ஒன் கட்டைய நான் ஊதறேன்."

சம்பந்தியும் துடைத்தார். ஃபோர்மேன் துடைத்ததைவிட ஒரு முறை கூடுதலாக. ஊதினார். வந்தது.

இனி மாற்றிப் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. கிளாரினெட் அதே கிளாரினெட். ஃபோர்மேன் நாற்காலியில் உட்கார்ந்தார். வாழ்க்கையில் எத்தனையோ டிரைவர்களின் முகத்தில் அவர் பார்த்துச் சிரித்த ஒரு விழி பிதுங்கல், இப்போது அவர் முகத்தில் இருந்தது. சம்பந்தி அதைப் பார்த்தார். பழைய கணக்கைத் தீர்த்துக்கொள்ள இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. வாய்வரை வந்ததை அவர் விழுங்கிவிட்டார்.

"கையக் காட்டுங்க சம்பந்தி" என்றார். மரியாதை திரும்பி வந்திருந்தது.

கிளாரினெட் ஊதி முடித்த விரல் நுனியில் ஓட்டையின் விளிம்பு பதிந்து வட்டம் வட்டமாகக் கொஞ்ச நேரம் இருக்கும். ஃபோர்மேனின் இடது கையில் எல்லாம் முழு வட்டம். வலது கையில் ஆள்காட்டி விரலில் முழு வட்டம், நடுவிரலில் முழு வட்டம். மோதிர விரலில் மட்டும் பாதி. நடுவிரலை ஒட்டிய பக்கம் தழும்பு இருந்தது, சுண்டுவிரல் பக்கம் வெறும் தோல்.

"இந்தப் பக்கம் அழுத்தவே இல்ல நீங்க."

"அழுத்தினேனே. எப்பவும் போலத்தான் அழுத்தினேன்."

சம்பந்தி பழைய ரீடு ஒன்றை எடுத்தார். "அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க. குத்தறேன், தெரியுதான்னு சொல்லுங்க."

ஃபோர்மேன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தெரியுதா?"

"தெரியுது."

"நான் இன்னும் குத்தவே இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. உண்மையிலேயே குத்தியபோது, ஒரு பாதியில் சுருக்கென்றது. மறு பாதி யாருடைய விரலோ மாதிரி இருந்தது. கொஞ்ச நாளாகச் சட்டைப் பொத்தான் நழுவுவதையும், சாப்பிடும்போது ஸ்பூன் சரிவதையும் வயசு என்று அவர் தனக்குள் எழுதி மூடிவிட்டிருந்தார். மேல் சுரங்களாகவே வாசித்துக்கொண்டிருந்ததால் பேண்டிலும் மாட்டவில்லை.

மறுநாள் மனைவி அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அது ஓர் இளம் பெண் டாக்டர். ஃபோர்மேனுக்கு அவள்மேலும் நம்பிக்கை இல்லை. முழங்கையின் உட்பக்கம், இடித்துக்கொண்டால் கரண்ட் அடிக்குமே, அந்த எலும்பை அவள் ஒரு விரலால் தட்டினாள். சுண்டுவிரல்வரை பளிச்சென்று மின்னல் ஓடியது.

"இந்த நரம்பு நசுங்கியிருக்கு. முழங்கையை எதுலயாவது ரொம்ப நேரம் ஊன்றீங்களா?"

"இல்லையே" என்றார் ஃபோர்மேன்.

மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்தினாள், அடங்கவில்லை. "ஜன்னல், டாக்டர்" என்றாள். "ஜன்னல் கட்டை. காலைலேருந்து அதுலதான் ஊன்றிக்கிட்டு ஊர்ல ஓடற பஸ்ஸையெல்லாம் வையறாரு."

ஊன்றுவதை விட்டால், தூங்கும்போது கையை மடக்காமல் கட்டிப் படுத்தால், திரும்ப உணர்ச்சி வரலாம் என்றாள் டாக்டர். மாதக்கணக்கில் ஆகும். வராமலும் போகலாம்.

அன்று மாலை சம்பந்தி கேள்விப்பட்டு வந்தார். இந்த முறை ஃபோர்மேன் நாற்காலியைக் காட்டினார். சம்பந்தி குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு யோசனை சொன்னார். "அந்த ஒரு சுரம்தானே? நான் உங்களுக்குப் பின்னாடிதான் உட்காந்திருக்கேன். நீங்க வாயில வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க. நான் ஊதிடறேன். ஒங்களுதா என்னுதான்னு எவனுக்குத் தெரியப்போகுது?"

"நாளைக்கு அத வெளில சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்கன்னா?"

"சொன்னா எம் மருமக எனக்குச் சோறு போடமாட்டா. போதுமா?"

வேறு வழி தெரியாமல் ஃபோர்மேன் தலையை ஆட்டினார். நம்பி ஆட்டவில்லை.

வியாழக்கிழமை ஒத்திகை டயர் ரூமில். நாலு சுவரிலும் டயர் அடுக்கியிருக்கும். சத்தம் வெளியே போகாது, ரப்பர் நாற்றமும் வெளியே போகாது. செக்கர் குச்சியைத் தூக்கினார். ஃபோர்மேன் கிளாரினெட்டை வாயில் வைத்துக் கன்னத்தை உப்பிக்கொண்டார். குச்சி இறங்கியது.

பின்னாலிருந்து வந்தது, 'கீச்'.

சம்பந்திக்கு வாழ்நாளில் திருட்டு வேலை செய்து பழக்கமில்லை. விரல் வேர்த்து வழுக்கிவிட்டது. பேண்டில் இருந்த எல்லாத் தலையும் ஃபோர்மேன் பக்கம் திரும்பியது. உப்பிய கன்னம் உப்பியபடியே இருந்தது.

"என்ன சார் சத்தம் அது?" என்றார் செக்கர். டிக்கெட் இல்லாதவனைப் பிடித்த அதே குரல்.

பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. சம்பந்தி எழுந்திருக்கிறார் என்று ஃபோர்மேனுக்குத் திரும்பாமலே தெரிந்தது. இந்த மனுஷன் எழுந்து உண்மையைச் சொன்னால், மருமகளின் அப்பாவுக்காகக் கள்ளத்தனம் செய்து மாட்டிக்கொண்டவன் என்று டிப்போ முழுக்கச் சிரிக்கும். உட்கார்ந்தே இருந்தால், ஃபோர்மேன் கீச்சிட்டார் என்று முடிந்துபோகும்.

"உட்காருங்க சம்பந்தி" என்றார் ஃபோர்மேன். தானே எழுந்தார். "எனக்கு அந்தச் சுரம் வராது. இந்த விரல் பாதி செத்துப்போச்சு. குழாய் நல்லாத்தான் இருக்கு. நான்தான் சரியில்ல."

செக்கர் குச்சியைக் கீழே வைத்தார். "ஏன் சார் இத மொதல்லயே சொல்லல?"

"தெரியல. தெரிஞ்சப்புறம் சொல்ல வரல."

"சரி. அப்ப நாற்காலி மாத்துங்க. நீங்க ரெண்டாவது வாசிங்க."

"அது முடியாதே" என்றார் சம்பந்தி. உட்காரச் சொல்லியும் அவர் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். "ரெண்டாவது பூராவும் கீழ்ச் சுரம்தான். இவருக்கு வராதது ஒன்னுன்னா அங்க இருபது இருக்கு. இவர எடுத்தா மொத்தமா வெளியதான் அனுப்பணும்."

டிரம் அடிக்கிறவர் குச்சியைத் தொடையில் தேய்த்துக்கொண்டிருந்தார். ஃபோர்மேன் உட்காரவும் இல்லை, போகவும் இல்லை. போகவேண்டும் என்று சொன்னால் போய்விடலாம் என்று நின்றார்.

"இவரு முன்னாலயே இருக்கட்டும்" என்றார் சம்பந்தி. "அந்த ஒரு சுரத்த நான் வாசிக்கறேன். ஒளிஞ்சு இல்ல. எழுந்து நின்னு. அதுக்கப்புறம் இவரு எடுத்துக்கட்டும்."

"நான் ஒரு ஆளுக்குத்தான் எழுதியிருக்கேன்" என்றார் செக்கர்.

"ரெண்டு ஆளுக்குன்னு திருத்திக்கோங்க. பேனா இருக்குல்ல?"

செக்கர் தன் மெட்டைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார், மூடினார், மறுபடி கழற்றினார். கடைசியில் முதல் புள்ளியைச் சுற்றி ஒரு கோடு போட்டார். சொந்தப் பல்லைப் பிடுங்கிக்கொள்கிறவர் மாதிரி முகம் வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை புது பஸ் நிலையத்தில் நல்ல கூட்டம். புது சிமென்ட் வாசனை. ரிப்பன் கட்டிய முதல் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. கிளட்ச் தட்டு தேய்ந்திருக்கிறது என்று அதன் சத்தத்திலேயே ஃபோர்மேனுக்குத் தெரிந்தது. சொல்வதற்குள் செக்கர் குச்சியைத் தூக்கிவிட்டார்.

சம்பந்தி எழுந்து நின்றார். முதல் நாற்காலியில் ஃபோர்மேன் கிளாரினெட்டை வாயில் வைத்துக் காத்திருந்தார். இவர் தொடங்கி மற்றவர்கள் வருவதுதான் இத்தனை நாள் வழக்கம். இன்றைக்குச் சம்பந்தி சுரத்தை விட்டால்தான் இவர் தொடங்கமுடியும். அது கீச்சிட்டால் இவர் மெட்டும் சேர்ந்து போச்சு. வியர்வை இவருக்கும் வந்தது.

சுரம் வந்தது. கனமாக, நிறைவாக, கூட்டத்தின் பேச்சை அப்படியே அமுக்கிக்கொண்டு. கூட்டம் திரும்பிப் பார்த்தது. சம்பந்தியின் மகனும் மருமகளும் முன்வரிசையில் எழுந்தே விட்டார்கள். அதைப் பார்த்ததும் சம்பந்திக்குக் குஷி வந்துவிட்டது. விடவேண்டிய இடம் வந்தும் விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அதே சுரத்தை இழுத்துக்கொண்டே இருந்தார். செக்கரின் குச்சி அந்தரத்தில் நடுங்கியது.

ஃபோர்மேன் மெல்ல இடது காலைப் பின்னால் நீட்டி, சம்பந்தியின் ஷூவை நன்றாக மிதித்தார்.

"ஆ" என்று சம்பந்தி வாயை எடுத்தார். அந்தச் சந்தில் ஃபோர்மேன் உள்ளே புகுந்து மெட்டை மேலே ஏற்றினார்.